எல்லையோர ஊர்களில் குடியை விட நினைப்பவருக்கு: பக்கத்தில் ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தப் பக்கம் கள்ளுக்கடையும் பெவ்கோ என்ற கேரள அரசு மதுக்கடையும், அந்தப் பக்கம் டாஸ்மாக். கேரளாவில் மாதம் முதல் தேதி அரசு மதுக்கடை மூடியிருக்கும். அன்றைக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு செக்போஸ்டைத் தாண்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினத்துக்கோ வள்ளலார் நினைவு நாளுக்கோ கடை அடைத்தால் அங்கிருந்து இங்கே வண்டி வருகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் நம் சித்தூர் தாலுகாவிலோ தோப்புக்குத் தோப்பு கள் இறக்குகிறார்கள். குடிக்க நினைப்பவருக்கு இங்கே கடை மூடிய நாள் என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது.

ஆனால் குடியை விட நினைப்பவருக்கும் இதே எல்லை உதவும். இரண்டு மாநிலத்து ஆஸ்பத்திரிகள், இரண்டு மாநிலத்து உதவி எண்கள், தமிழிலும் மலையாளத்திலும் நடக்கும் கூட்டங்கள் எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. பலரும் தங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அந்தப் பக்கம் மட்டுமே தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டு பக்கமும் தேடுங்கள்.

என் அண்ணன் பல வருஷமாகக் கூட்டங்களுக்குப் போகிறார். ஆரம்பத்தில் அவருக்குத் துணையாகப் போனேன். இப்போது சுற்று வட்டாரத்தில் யாராவது கேட்டால் அழைத்துப்போய் விடுவதும், பஸ் நேரம் சொல்வதும், வீட்டாரிடம் பேசுவதும் என் வேலையாகிவிட்டது. அப்படிக் கேட்பவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உயிர். தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, சுரமும் படபடப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். 'பேய் புகுந்துவிட்டது' என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையில் டவர் மாறி அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போகக்கூடும். அதனால் எடுத்தவுடன் ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சர்க்கரை, ஈரல் கோளாறு உள்ளவர், வயதானவர் கண்டிப்பாக டாக்டரைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபி எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நாளும் அந்த டாக்டர் இருக்க மாட்டார். பாலக்காடு போவதும் பொள்ளாச்சி போவதும் உங்கள் சௌகரியம். நடுக்கத்தை அடக்க ஒரு வாரம் பத்து நாள் மாத்திரை தருவார்கள், பி1 வைட்டமின் போடுவார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது. நம் ஊரில் சோர்ந்து கிடந்தால் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. பல நாள் சாப்பிடாமல் குடித்தவர் உடம்பில் பி1 வறண்டிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். கூடப் போகிறவர் வெட்கப்படாமல் "இவர் தினமும் குடிக்கிறவர், சாப்பிட்டு இத்தனை நாளாச்சு" என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் ஆபத்தையும் மருந்து அடக்கும். அதற்கப்புறம் சனிக்கிழமை கூலி கையில் வாங்கிக்கொண்டு கள்ளுக்கடையைத் தாண்டி வீட்டுக்கு நடக்க வேண்டுமே, அதற்குத்தான் கூட்டம்.

என்ன கூட்டம் இது

நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு பேர், இருவருமே குடியால் நொந்தவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டதில் தொடங்கியது. இன்றும் அதே முறைதான். குடித்து நிறுத்தியவர்கள் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள். பன்னிரண்டு படிகள் என்று ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள். அதை முதல் நாளே புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சேர என்ன தகுதி? குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் பத்தோ இருபதோ போடலாம், இல்லாவிட்டால் கைமாற்றிவிடலாம். டீச் செலவும் வாடகையும் அதில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்க மாட்டார்கள். ஆதார், முகவரி, ஜாதி எதுவும் கேட்க மாட்டார்கள். முழுப் பெயர்கூட வேண்டாம். சாமி பற்றிய பேச்சு வரும், ஆனால் எந்த சாமி என்பது உங்கள் இஷ்டம். கூட்டம் சர்ச் ஹாலில் நடந்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். இடம் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம்.

இது தவிர, போதை மீட்பு சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை முடித்தவர்களை மாதம் ஒருமுறை வரச்சொல்லி உட்காரவைக்கும் குழுக்களும் உண்டு. அங்கே கவுன்சலர் நடத்துவார். சிலருக்கு அது பிடிக்கிறது. என் அனுபவத்தில் மாதம் ஒருமுறை என்பது முதல் ஆறு மாதத்துக்குப் போதாது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை.

யாரைக் கேட்பது

போனிலிருந்து தொடங்கலாம். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. 14416 டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளக் கலால் துறையின் விமுக்தி திட்டத்துக்கு 14405. விமுக்தி மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையம் வைத்திருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துக்கு அது அட்டப்பாடி கோட்டத்தறை அரசு மருத்துவமனையில் இருக்கிறது. நமக்கு அது தூரம், அதனால் முதலில் போனில் பேசி, பக்கத்தில் எங்கே பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலால் துறை என்றதும் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று கைநடுங்க வேண்டாம். உதவி கேட்டு அழைப்பவரை அவர்கள் பிடிக்க வருவதில்லை.

போனில் பேசும்போது "குடியை விடணும்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஆஸ்பத்திரி பெயர் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "சிகிச்சைக்கு அப்புறம் போக ஏஏ கூட்டம் வேண்டும், தமிழில் நடப்பது இருந்தால் நல்லது, நான் இன்ன ஊர், பஸ்ஸில்தான் போக முடியும்" என்று பிரித்துக் கேளுங்கள்.

ஏஏ-வுக்கு இந்திய அளவில் பொதுச் சேவை அலுவலகமும் இணையதளமும் உண்டு. அங்கே ஊர்வாரியாகத் தேடலாம். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு என்று தனித்தனியாகத் தேடுங்கள். பட்டியலில் இருக்கும் நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்பிவிட வேண்டாம். ஹால் மாறும், கிழமை மாறும். கொடுத்திருக்கும் எண்ணில் ஒருமுறை பேசிவிட்டுப் போங்கள். பேசுபவரும் ஒரு காலத்தில் உங்களைப் போலத் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தியவர்தான், நிதானமாகப் பேசுவார்.

இணையத்தைவிட எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது ஊர் ஆட்கள். மனநல ஓபியில் சீட்டு எழுதும் நர்ஸுக்குத் தெரியும். சர்ச்சில் ஹால் சாவி வைத்திருப்பவருக்குத் தெரியும். ஆஷா பணியாளருக்கும் குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் குழுவின் அக்காமார்களுக்கும் எந்த வீட்டில் யார் நிறுத்தியிருக்கிறார் என்பது தெரியும். இதில் நர்ஸைக் கேட்பது நல்லது, விஷயம் ஊருக்குள் பரவாது. சிலர் ஊரறியக் குடித்தவர் ஊரறிய நிறுத்தினால் என்ன என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அப்படிப் பேச முடியாது. அவரவர் சூழ்நிலை அவரவருக்கு.

ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்று நினைப்பவருக்கும் எல்லை உதவும். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக் கூட்டத்துக்குப் போகலாம், கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாலக்காட்டுக்கு வரலாம். பாலக்காடு–பொள்ளாச்சி ரோட்டில் இரண்டு மாநில பஸ்ஸும் ஓடுகின்றன. சந்தைக்குப் போகிறவரைப் போல ஏறி உட்கார்ந்துவிடலாம்.

எந்தக் கிழமை, எத்தனை மணி

என்னைக் கேட்டால், எந்தக் கூட்டம் என்பதைவிட எந்த நேரத்துக் கூட்டம் என்பது முக்கியம். உங்களுக்குக் குடிக்கத் தோன்றும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தைப் பிடியுங்கள். செங்கல் சூளையிலும் தோப்பிலும் வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. கடை வைத்திருப்பவருக்குக் கடை அடைத்த பிறகு ஒன்பது மணி. ரிட்டயர் ஆனவருக்குப் பகலில் தனியாக இருக்கும் பொழுது. சனிக்கிழமை குடிக்கிறவர் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போய்விட்டு, சனிக்கிழமை சும்மா இருந்தால் பலன் குறைவு. நேரில் அந்த நாளில் எதுவும் இல்லை என்றால் போனில் ஜூம் வழியாக நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. கொரோனாவுக்கு அப்புறம் இவை கூடிவிட்டன. எஸ்டேட்டிலோ மலையடிவாரத்திலோ இருப்பவருக்கும், ஆண்கள் நிறைந்த ஹாலில் நுழையத் தயங்கும் பெண்களுக்கும் இது பெரிய உதவி. பெண்களும் குடிக்கிறார்கள், அவர்களுக்கு அவமானம் இரண்டு மடங்கு. பெண்கள் மட்டும் பேசும் இணையக் கூட்டம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது கடைசி பஸ். கூட்டம் பொதுவாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடக்கும். எட்டரைக்கு முடிந்தால் உங்கள் ஊருக்கு பஸ் உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு, இரவில் பஸ் ஸ்டாண்டில் தனியாக, எதிரே டாஸ்மாக் வெளிச்சம் எரிய நிற்கும் நிலைமை முதல் வாரத்தில் வரக் கூடாது. கூட்டத்துக்கு வருபவர்களிலேயே உங்கள் வழியில் போகிறவர் யாராவது இருப்பார், ஆரம்பத்திலேயே கேட்டுவையுங்கள்.

முதல் நாள்

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், தம்பி யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும். துணையோடு போவதாக இருந்தால் இதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துணைக்கு வந்தவர் வெளியே டீக்கடையில் காத்திருக்க வேண்டியிருக்கும். நான் அப்படி நிறையக் காத்திருக்கிறேன், ஒன்றும் கஷ்டமில்லை.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் ஒன்றிரண்டு வாசகங்கள். சற்று நேரம் மௌனம், ஒரு சின்ன பிரார்த்தனை, பிறகு ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். பேசி முடித்ததும் நன்றி சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னைக்கு நான் கேக்கறேன்" என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள்.

மலையாளத்தில் நடக்கும் கூட்டத்தில் தமிழில் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். பாலக்காட்டில் தமிழ் புரியாதவர்கள் குறைவு, நமக்கும் மலையாளம் காதில் விழுந்து பழகியதுதான். ஆனால் மனசுக்குள் கிடப்பதைக் கொட்ட வேண்டிய கட்டம் வரும்போது சொந்த மொழி வேண்டியிருக்கிறது. எனவே வாரம் ஒரு கூட்டமாவது தமிழில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

அன்று குடித்துவிட்டீர்களா? அப்படியும் போகலாம். கலாட்டா செய்யாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாரும் வெளியே அனுப்புவதில்லை. பேசச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போவது சகஜம். ஒருவர் ரொம்ப நேரம் பேசியிருப்பார், இன்னொருவர் கதை உங்கள் கதையைவிடக் கொடூரமாக இருந்திருக்கும், "நான் இவ்வளவு மோசமில்லையே" என்று தோன்றும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு குழுவுக்கு ஐந்தாறு முறையாவது போய்ப் பாருங்கள், அப்புறமும் ஒட்டவில்லை என்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குழுவைப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில்தான் போன் நம்பர் கைமாறும். நாலைந்து நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நாக்கு வறளும்போது ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார். கொஞ்ச நாளில் அதில் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டுகிறவராகக் கேட்கலாம். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது வழக்கம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் வர மறுத்தால் நீங்கள் போங்கள். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே ஆல்-அனான் என்ற கூட்டம் 1951 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன். என் அண்ணி அண்ணனுக்கு முன்பே போக ஆரம்பித்தார். கடனை அடைப்பதையும், அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வதையும் அண்ணி நிறுத்தியது அங்கே போன பிறகுதான். அதுவரை வீட்டில் நடந்த சண்டையில் பாதி அதனால் குறைந்தது.

கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'அவருக்கே தெரியாமல் குடியை மறக்கவைக்கும்' பொடியை மட்டும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கிறார்கள். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவர் தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது.

ராத்திரியில் வேன் கொண்டுவந்து ஆளைத் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்' பற்றியும் எச்சரிக்கை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனை அப்படிக் கொண்டுபோய் அடித்துத்தான் அனுப்பினார்கள், வந்த வாரமே மறுபடி குடித்தான். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய் சிகிச்சைக்கும் பொருந்தும். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். டாக்டர் தினமும் வருகிறாரா, பதிவுச் சான்று எங்கே, குடும்பத்தார் பார்க்க எந்த நாள் விடுவார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றாம் தேதி, மாலை கழற்றும் நாள், திருவிழா

கார்த்திகையில் மாலை போட்டுவிட்டு ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கும் ஆட்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அத்தனை நாள் முடிகிறது என்றால் மன உறுதி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த நாட்களில் ஒரே மாதிரி விரதம் இருக்கும் பத்துப் பேர் கூடவே இருக்கிறார்கள், தினமும் சாயங்காலம் பஜனைக்குச் சேர்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் அந்தப் பத்துப் பேரும் கலைந்துவிடுகிறார்கள், அன்று ராத்திரியே பாட்டில் திறக்கிறது. எனவே மாலை போட்டிருக்கும்போதே ஏஏ கூட்டத்தைத் தேடி வைத்துவிடுங்கள். கழற்றிய அன்று சாயங்காலமே அங்கே போய் உட்காருங்கள். இந்த யோசனையைக் குருசாமிகளிடமும் சொல்லிப் பாருங்கள், நல்லவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

தேர், வேலா எனப்படும் கோயில் திருவிழா, நோம்பி, கல்யாண முந்தின ராத்திரி, ஓணம், தீபாவளி போனஸ் நாள் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே அன்று யாரோடு இருப்பது என்று குழுவில் ஒருவரிடம் பேசி வையுங்கள். மாதம் முதல் தேதியும் அப்படித்தான். இங்கே கடை மூடியிருக்கும் தைரியத்தில் இருப்பவரை நண்பர்கள் "சும்மா பொள்ளாச்சி வரை" என்று கூப்பிடும் நாள் அது.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், அந்த வாரத்துக் கூட்டத்தை விடாமல் போய் அதைச் சொல்லிவிடுங்கள். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படித் திரும்பி வந்தவர்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மட்டும் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்.

பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால்

குடியை நிறுத்த விரும்பும் இரண்டு பேர் சேர்ந்தாலே ஏஏ குழு தொடங்கலாம். யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். முதலில் பாலக்காடோ பொள்ளாச்சியோ, நடந்துகொண்டிருக்கும் குழுவுக்குச் சில மாதம் போய் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடம் சொன்னால் புத்தகங்களும் தருவார்கள், ஆரம்ப வாரங்களில் ஓரிருவர் வந்தும் உட்காருவார்கள். இடத்துக்கு ஊர் நூலகம், சர்ச் ஹால், பள்ளிக்கூட வகுப்பறை என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்தில் கேட்டால் தலைவர் மாலை, மேடை என்று விழா எடுத்துவிடுவார், அதைத் தவிர்க்கப் பாருங்கள். வாசலில் போர்டு வேண்டாம். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், ஒருவர் மட்டுமே வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். ஓபி நர்ஸிடம் உங்கள் எண்ணையும், கூட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.